போகிப் புகையில் மோதிய காரும் நான் கையெழுத்திட்ட வெற்றுத் தாள்களும்

மணலி, மாதவரம் பகுதிகளில் விபத்து நடந்த இடத்துக்கு அழைக்காமலேயே வந்து நிற்கும் ரெக்கவரி வண்டிக்காரர்களிடமும், அவர்கள் காரைக் கொண்டுபோய்விடும் பட்டறைகளிடமும் எச்சரிக்கையாக இருங்கள் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். என்னை ஏமாற்றிய பட்டறையின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. பெயர்ப்பலகையை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு ஒரு வாரம் போதும்; ஏமாற்றும் முறை மட்டும் மாறாது என்பதால் அந்த முறையை விரிவாகச் சொல்வதே பயன்படும் என்று நினைக்கிறேன்.

2024 ஜனவரி 14, போகி, ஞாயிற்றுக்கிழமை. பொன்னேரியில் இருக்கும் பெரியம்மா வீட்டில் பொங்கல் வைப்பதற்காக அம்மாவை அழைத்துக்கொண்டு விடியற்காலை ஐந்தரை மணிக்குத் திருவொற்றியூரிலிருந்து புறப்பட்டேன். மார்கழியின் கடைசிப் பனியோடு, தெருவுக்குத் தெரு எரித்த பாயும் டயரும் கிளப்பிய புகையும் சேர்ந்து தரையோடு படிந்து கிடந்ததால், முகப்பு விளக்கைப் போட்டால் வெளிச்சமே சுவராக எழுந்து நின்றது. முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. மணலி புதுநகரைக் கடந்த பிறகு, சாலையின் இடப்புறத்தில் பாதி உள்ளே நீட்டிக்கொண்டு நின்றிருந்த கன்டெய்னர் டிரெய்லரின் பின்புறம், ஏறத்தாழ மூன்று கார் நீளத் தொலைவில்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குப் பின்விளக்கு எரியவில்லை; ஒளிரும் பட்டை அழுக்கேறிப்போயிருந்தது; பின்னால் ஒரு மரக்கிளைகூடப் போட்டு வைக்கவில்லை. வலப்பக்கம் ஒடித்தும் காரின் இடது முன்பக்கம் டிரெய்லரின் தளத்துக்கு அடியில் போய் மோதியது.

அம்மாவுக்கு சீட் பெல்ட் அழுத்தியதில் தோள்பட்டையில் கன்றிப்போனதைத் தவிர வேறு காயமில்லை. ஆனால் கை நடுக்கம் அரை மணி நேரம் நிற்கவில்லை. நான் அவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தபோதே டிரெய்லர் ஓட்டுநர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கு முன் கைபேசியில் எடுத்த இரண்டு படங்களிலும் சாம்பல் நிறத்தைத் தவிர ஒன்றும் பதியவில்லை.

பதினைந்து நிமிடத்தில் ரெக்கவரி வண்டி வந்தது. யாரும் கூப்பிடவில்லை. அதிலிருந்து இறங்கிய இளைஞர் முதலில் செய்த காரியம், அம்மாவிடம் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்ததுதான். "சார், நீங்க மொதல்ல அம்மாவைப் பாருங்க, வண்டிய நாங்க பாத்துக்கறோம்" என்றார். எந்த இன்சூரன்ஸ் நிறுவனமாக இருந்தாலும் தங்கள் ஷெட்டில் கேஷ்லெஸ் வசதி, அதாவது நிறுவனமே பட்டறைக்கு நேரடியாகப் பணம் கட்டும் வசதி, உண்டு என்றார். பிறகு சொன்னதுதான் என்னை வீழ்த்தியது: "நாளைக்குப் பொங்கல், அப்புறம் மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். ஆபீஸ் வியாழக்கிழமைதான் சார் தொறக்கும். இப்பவே கையெழுத்து போட்டுட்டீங்கன்னா வேலை நிக்காது."

ரெக்கவரி வண்டியின் கதவில் தாளை வைத்து ஆறு இடங்களில் கையெழுத்திட்டேன். நிரப்பப்படாத கிளெய்ம் படிவம் ஒன்று, வேலை திருப்திகரமாக முடிந்தது என்று அச்சிட்டு வருவாய் முத்திரை ஒட்டிய ரசீது ஒன்று, இழப்பீட்டைப் பட்டறையின் வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சம்மதிக்கும் கடிதம் ஒன்று, மற்றவை வெறும் வெள்ளைத் தாள்கள். அசல் ஆர்.சி.யையும் பாலிசியையும் கொடுத்தேன். அலுவலகத்தில் பத்து ரூபாய் வவுச்சரைக்கூட இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திடுகிறவன் நான்.

அந்தப் பாலிசியின் முதல் பக்கத்திலேயே கட்டணமில்லா உதவி எண் அச்சிடப்பட்டிருந்தது என்பதையும், பண்டிகை நாளிலும் அது இயங்குகிறது என்பதையும், சாலையோர உதவிக்கென்று ஆண்டுதோறும் தனியாகப் பணம் கட்டி வந்ததால் காரை இழுத்துச் செல்லும் செலவே எனக்கு இருந்திருக்காது என்பதையும் பிற்பாடுதான் கவனித்தேன். காவல் நிலையத்தில் தகவல் சொல்லி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றை வாங்கவும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை பட்டறைக்குப் போனபோது கார் பாதி பிரிக்கப்பட்டிருந்தது. இழுவைக் கூலி 5,500 ரூபாய், நான்கு நாள் நிறுத்தி வைத்ததற்கு நாளொன்றுக்கு 500 வீதம் 2,000 ரூபாய் என்று முதல் சீட்டை நீட்டினார்கள். எஸ்டிமேட் 1,38,000 ரூபாய். என் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில் அந்தப் பட்டறை இல்லவே இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. வேறிடத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். பிரித்ததற்கும் திரும்பப் பூட்டுவதற்கும் சேர்த்து 18,000 கட்டிவிட்டு எடுத்துப் போகலாம் என்று மிகவும் பணிவாகச் சொன்னார் பட்டறைக்காரர்.

இழப்பு 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் உரிமம் பெற்ற சர்வேயர்தான் மதிப்பிட வேண்டும் என்பது விதி. மறுநாள் ஒருவர் வந்தார், நசுங்கிய பாகங்களைப் படமெடுத்தார், போய்விட்டார். அவர் மீது எனக்குப் பெரிய குறையில்லை. அவர் பார்த்த சேதம் உண்மையானது. வேலை முடிந்த பிறகு ஒரு மறு ஆய்வு நடந்திருந்தால் எல்லாம் வெளிப்பட்டிருக்கும். அதை நான் எழுத்தில் கேட்டிருக்கலாம்.

இங்கே தேய்மானக் கணக்கைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் மோசடி அதற்குள்தான் ஒளிந்திருந்தது. ஜீரோ டெப் என்றும் பம்பர் டு பம்பர் என்றும் சொல்லப்படும் கூடுதல் பாதுகாப்பை நான் அந்த ஆண்டு சிக்கனம் பார்த்து விட்டுவிட்டேன். அது இல்லாவிட்டால், மாற்றப்படும் பாகங்களின் விலையில் தேய்மானம் கழித்துத்தான் நிறுவனம் கொடுக்கும். என் கார் 2019 அக்டோபரில் வாங்கியது. நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் ஓடிக்கொண்டிருந்ததால் இரும்புப் பாகங்களுக்கு 35 விழுக்காடு கழியும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குக் காரின் வயதைப் பார்க்காமல் பாதி கழியும். கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. பெயிண்டில் பொருள் விலைக்குப் பாதி போகும். இவற்றோடு 1500 சிசி வரையுள்ள கார்களுக்கு 1,000 ரூபாய் கட்டாயப் பிடித்தம். இவ்வளவும் உண்மையான விதிகள். ஆகவே நிறுவனம் 74,200 ரூபாய் அனுமதித்தபோது, மீதி 63,800 ரூபாயை நான்தான் கட்ட வேண்டும் என்று பட்டறைக்காரர் தாளில் எழுதிக் கூட்டிக் கழித்துக் காட்டியதில் எனக்கு எந்தப் பிழையும் தெரியவில்லை. தேய்மானத்தில் நான் கட்டும் பங்கு புதிய பாகம் போட்டால் மட்டுமே நியாயம் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. "உங்களுக்காக 11,800 விட்டுட்டேன் சார், 52,000 குடுங்க போதும்" என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். அதுவும் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, ரசீதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தேன்.

பிப்ரவரி 3ஆம் தேதி கார் பளபளவென்று கைக்கு வந்தது. கழற்றிய பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டதற்கு, இன்சூரன்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்றார்கள். பழைய பாகங்களுக்குச் சேதாரப் பொருள் மதிப்பாக ஒரு தொகையை மட்டும் நிறுவனம் கணக்கில் கழித்திருந்தது என்பதும், யாரும் எதையும் எடுத்துப் போகவில்லை என்பதும் பின்னால் தெரிந்தவை.

அந்த மாதக் கடைசியில் மூலக்கடை சிக்னலில் நின்றபோது வெப்பமுள் சிவப்புக்கோட்டைத் தொட்டது. மச்சானுக்குத் தெரிந்த தண்டையார்பேட்டை மெக்கானிக் ஒருவர் பானட்டைத் திறந்து, ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். புது ரேடியேட்டர் என்று பில் போட்டிருந்த இடத்தில், ஓரத்தில் பற்றவைத்த தழும்போடு, தகடுகளுக்கு நடுவே வேறு ஏதோ ஊரின் செம்மண் அப்பிய ரேடியேட்டர் உட்கார்ந்திருந்தது. புதுப்பேட்டைச் சரக்கு, அதாவது பழைய வண்டிகளிலிருந்து கழற்றி விற்கும் பாகம் என்றார். பிறகு இடது முகப்பு விளக்கின் பின்புறத்தைத் துணியால் துடைத்து, கைபேசி வெளிச்சத்தை அடித்துக் காட்டினார். பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டிருந்த சிறிய வட்டத்துக்குள் தயாரிப்பு ஆண்டு 17 என்று இருந்தது. "சார், இந்த லைட்டு உங்க வண்டிய விட ரெண்டு வயசு மூத்தது" என்றார்.

வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்து வந்து அன்று மாலை நானே சோதித்தேன். கூரையில் கப்பென்று ஒட்டிய பொம்மை, பானட்டின் இடது பாதியில் வைத்தால் வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. இடது ஃபெண்டரிலும் அப்படியே. இரண்டையும் டிங்கர் வேலை பார்த்து நிமிர்த்தி, காந்தம் ஒட்டாத பட்டிப் பசையை விரல் கனத்துக்குப் பூசி, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பில்லில் இரண்டுமே புதியவை.

சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை பாலிசிதாரருக்கு உண்டு. நான் எழுதிக் கேட்டதும் நிறுவனம் அறிக்கையோடு கிளெய்ம் படிவத்தின் நகலையும் அனுப்பியது. பாகங்களின் பட்டியலைப் பார்த்து வந்த கோபத்தைவிட, விபத்து நடந்த விதம் என்ற கட்டத்தில் என் கையெழுத்துக்கு மேல் வேறொருவர் கையெழுத்தில் எழுதியிருந்ததைப் படித்தபோது வந்த பயம் பெரிது: நாய் குறுக்கே வந்ததால் கார் மின்கம்பத்தில் மோதியது. இன்னொரு வாகனத்தைக் குறிப்பிட்டால் போலீஸ் விசாரணை, கூடுதல் கேள்வி என்று வேலை தாமதமாகும் என்பதால் இப்படி எழுதுவது வழக்கமாம். ஆபத்தான நிலையில் வாகனத்தை நிறுத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவின்படி தவறு. டிரெய்லரைக் கண்டுபிடித்திருந்தால் அதன் உரிமையாளர் மீதும் அவரது இன்சூரன்ஸ் மீதும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்டிருக்கலாம். என் கையெழுத்தோடு ஒரு மின்கம்பம் நடுவில் நின்ற பிறகு அந்த வழியும் அடைபட்டது.

வழக்கறிஞராக இருக்கும் சித்தப்பா மகன், நிறுவனம் தானாகக் கண்டுபிடிப்பதற்கு முன் நாமே எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு என்றான். உண்மையில் நடந்ததையும், வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்ட என் தவறையும், பாகங்கள் மாற்றப்படாததையும் படங்களோடு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ தேனாம்பேட்டையில் இருக்கும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் அங்கே நிறுவனத்தின் மீதுதான் புகார் கொடுக்க முடியும், பட்டறையின் மீது முடியாது. பட்டறைக்கு நுகர்வோர் ஆணையம்தான் வழி. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கும் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

என் விஷயத்தில் நிறுவனம் மூன்றாவது வாரமே பதில் எழுதியது. மறு ஆய்வுக்கு ஆள் அனுப்பி, மாற்றப்படாத பாகங்களுக்குக் கொடுத்த 31,000 ரூபாயைத் திருப்பிக் கட்டும்படி என்னிடம் கேட்டது. பணம் போனது பட்டறைக்கு. ஆனால் கிளெய்ம் என் பெயரில், கையெழுத்து என்னுடையது. சட்டப்படி அவர்கள் கேட்டதில் தவறு காண முடியவில்லை. இன்னும் கடுமையாக நடந்துகொள்ளவும் அவர்களுக்கு இடம் இருந்தது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நிறுவனமும் நானும் சேர்ந்து பட்டறைக்குக் கொடுத்தது 1,33,700 ரூபாய். அங்கே உண்மையில் நடந்த வேலையின் மதிப்பு 45,000 தாண்டாது என்பது தண்டையார்பேட்டை மெக்கானிக்கின் கணிப்பு. ரேடியேட்டருக்கும் மற்ற சில வேலைகளுக்கும் அவரிடம் நான் மறுபடி செலவழித்தது 26,000. நான்கு ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டிச் சேர்த்த 45 விழுக்காடு நோ கிளெய்ம் போனஸ் என்னும் பிரீமியத் தள்ளுபடி அந்த அக்டோபர் புதுப்பிப்பில் பூஜ்யமானது; கிளெய்ம் செய்யாமல் இருந்திருந்தால் 50 ஆகியிருக்கும்.

வக்கீல் நோட்டீஸ் போன பத்தாம் நாள் பட்டறைக்காரரே கூப்பிட்டார். 30,000 ரூபாய் தருகிறேன், விஷயத்தை இத்தோடு விடுங்கள் என்றார். ரொக்கம் வேண்டாம், வங்கியில் போடுங்கள் என்றேன். மறுநாள் பணம் வந்தது. அதோடு ஆயிரம் சேர்த்து அப்படியே நிறுவனத்துக்குக் கட்டினேன். அடுத்த வாரம் பட்டறையிலிருந்து ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். போகியன்று அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்த அதே பையன்தான். எந்தக் குறையும் இல்லை, முழுத் திருப்தி என்று தட்டச்சு செய்த கடிதத்தை நீட்டி, கீழே கையெழுத்து கேட்டான். அந்தத் தாளை வாங்கி, அச்சிட்டிருந்த வரிகளின் குறுக்கே கோடு போட்டுவிட்டு, "வங்கி வழியாக ரூபாய் முப்பதாயிரம் மட்டும் பெற்றுக்கொண்டேன்" என்று என் கையாலேயே எழுதினேன். மீதமிருந்த வெற்றிடம் முழுவதையும் இன்னொரு கோட்டால் அடித்து, தேதி போட்டு, கைபேசியில் படமெடுத்துக்கொண்ட பிறகே கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

காரின் இடது முகப்பு விளக்கை மட்டும் இன்னும் மாற்றவில்லை. மீதித் தொகைக்காக நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அந்த 17ஐ அங்கே காட்ட வேண்டியிருக்கிறது.