ஊட்டிக் கிராம்பு வாங்கப் போகிறீர்களா?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் தைலம், மசாலா விற்கும் கடைகளில் வண்டியை நிறுத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாக் கடையும் ஏமாற்றுவதில்லை. எனக்கு வாய்த்த கடை ஏமாற்றியது.

அம்மாவுக்குப் பல்வலி என்றால் முதலில் கிராம்புதான். ஒன்றைக் கடித்து வலிக்கிற பல்லில் ஒதுக்கிக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மரத்துப்போகும். "எங்க ஊட்டித் தோட்டத்துக் கிராம்பு சார், மருந்துக்குன்னே பறிச்சது" என்று கடைக்காரர் கொடுத்தது 100 கிராம் 220 ரூபாய். வீட்டில் அம்மா இரண்டு மென்றுவிட்டு, "என்னடா, தென்னங்குச்சிய மெல்ற மாதிரி இருக்கு" என்றார். காரமும் இல்லை, மரப்பும் இல்லை.

கிராம்பு என்பது மரத்தின் பூமொட்டு. பச்சை மாறி லேசாகச் சிவக்கும்போது, விரிவதற்கு முன் கொத்தோடு பறித்து, காம்பை ஆய்ந்து, வெயிலில் காயவைப்பார்கள். நல்ல மொட்டில் 15 முதல் 20 சதவீதம் வரை தைலம் இருக்கும். வலியை மரக்கச் செய்வது அதிலுள்ள யூஜினால் என்ற வேதிப்பொருள். தைலத்தை வடித்துவிட்டு மிஞ்சும் சக்கையைக் காயவைத்துக் கிராம்பாகவே விற்கிறார்கள். என் பொட்டலத்தில் இருந்தது அதுதான். பாதிக்குத் தலையில் குமிழே இல்லை, காம்பு வேறு கலந்திருந்தது.

வாங்கும்போதே நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்லதென்றால் எண்ணெய் கசியும். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் நல்ல கிராம்பு மூழ்கும், இல்லையென்றால் தலை மேலே தெரிய நிமிர்ந்து நிற்கும். சக்கை படுத்தபடி மிதக்கும். என்னுடையது மொத்தமும் படுத்துக்கொண்டது.

அப்புறம் அந்த 'ஊட்டித் தோட்டம்'. கிராம்பு மரத்துக்கு வெக்கையும் ஈரமும் வேண்டும். கல்லாறு, பர்லியாறு போன்ற கீழ்ச்சரிவுகளில் வளரும். 2,200 மீட்டருக்கு மேலே, உறைபனி விழும் ஊட்டியில் எங்கே வளர்வது?

போனில் கேட்டேன். "மலைக் கிராம்புக்குக் காரம் கம்மியாத்தான் சார் இருக்கும்" என்றார், கூசாமல். பணத்தைத் திருப்பித் தரவில்லை. உறையில் 14 இலக்க உணவு உரிம எண்ணும் இல்லை, பேக்கிங் தேதியும் இல்லை. மிச்சத்தை உறையோடு அப்படியே வைத்து, மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். அம்மாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். சொத்தை ஆழமாகப் போயிருந்தது.