நெல்லைப் பொருட்காட்சி பிளாஸ்மா பந்து: விளக்குக்கு ஐந்தில் 4, ‘இணைவு மாதிரி’க்கு 1

ஆனித் திருவிழாப் பொருட்காட்சிக் கடைகளில் விற்கும் ஆறு அங்குலக் கண்ணாடிப் பந்து இது. உள்ளே நியான், ஆர்கான் போன்ற வாயுக்கள். நடுவில் உருண்டை மின்முனை. அடியில் சில ஆயிரம் வோல்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை திசைமாற்றும் சின்ன சர்க்யூட். இருட்டில் பக்கத்தில் சிஎஃப்எல் பல்பைப் பிடித்தால் வயர் இல்லாமலே மங்கலாக எரியும். பிள்ளைகளுக்கு இதற்காகவே வாங்கலாம்.

பெட்டியில் ‘அணுக்கரு இணைவு மாதிரி’ என்று போட்டிருப்பதுதான் இடிக்கிறது. இணைவு என்றால் லேசான அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து ஆற்றலைக் கொட்டுவது; பிளாஸ்மா என்றால் எலெக்ட்ரான்கள் பிரிந்து மின்சாரம் கடத்தும் வாயு. இந்தப் பந்தில் எலெக்ட்ரான்களுக்கு மட்டுமே சூடு. வாயு ஆறிக் கிடப்பதால்தான் கண்ணாடியைத் தொட முடிகிறது. பிரான்சில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் இணைவுச் சோதனை உலையான ஐட்டரில், ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் ட்ரிட்டியமும் இணைய 15 கோடி டிகிரி செல்சியஸ் வேண்டும்.

விரலை வைத்தால் ஊதாக் கொடி அங்கே ஓடிவரும். இங்கே அது வேடிக்கை. காந்தச்சுருள்களால் பிளாஸ்மாவைப் பிடித்து வைக்கும் வளைய உலைக்கு டோக்கமாக் என்று பெயர்; ஐட்டர் அந்த வகை. அதில் காரணம் வேறு, விளைவும் வேறு: பிளாஸ்மா சுவரை உரசினால் சுவரின் டங்ஸ்டன் உலோகம் பெயர்ந்து உள்ளே போகும், வெப்பத்தைக் கதிராகக் கொட்டிவிடும். பிளாஸ்மா குளிர்ந்து, அதில் ஓடும் மின்னோட்டம் மில்லிநொடிகளில் அறுந்துபோகும். ஐட்டரில் அது 1.5 கோடி ஆம்பியர்; அறுந்தால் சுவருக்கும் சேதம். நெல்லையப்பர் தேருக்குச் சறுக்குக்கட்டை போட ஆளுக்கு நேரம் இருக்கிறது, டோக்கமாக்கில் காந்தச்சுருளுக்கு இல்லை.

அதைச் சமாளித்தாலும் இணைவில் வெளிவரும் நியூட்ரான் விடாது. ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு அதில்தான் வெளியேறுகிறது. மின்னூட்டம் இல்லாததால் காந்தத்துக்கு அடங்காமல் சுவரை நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவரும். ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு, அதாவது அதற்குள் பாதி சிதைந்துவிடும் என்பதால் நெடுங்காலம் சேர்த்து வைக்கவும் வழியில்லை. சுவருக்குப் பின்னால் லித்தியம் வைத்து, அதில் நியூட்ரான் மோத, ட்ரிட்டியத்தை உலையே விளைவித்துக்கொள்ள வேண்டும். மின்நிலைய அளவில் இதை யாரும் செய்து காட்டவில்லை.

2022 டிசம்பரில் அமெரிக்க லேசர் இணைவுச் சோதனை 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் கொடுத்து 3.15 எடுத்தது உண்மை. லேசரை இயக்க மின்கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். ஐட்டரிலோ பிளாஸ்மாவை அடைக்கும் வெற்றிடக் கலத்தின் துண்டுகள் விளிம்பில் பொருந்தவில்லை. குளிர்விப்புக் குழாய்களில் வெல்டிங் ஓரம் தங்கிய குளோரின் அரித்து விரிசல் விட்டது. 2024-இல் போட்ட புதிய அட்டவணைப்படி டியூட்டீரியம்-ட்ரிட்டியம் ஓட்டம் 2039-இல். அதுவும் சோதனைதான், கரண்ட் தயாரிக்காது. கூடங்குளத்தில் ஓடுவது அணுப்பிளவு, அதாவது கனமான அணுக்கருவைப் பிளப்பது. இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லும் விற்பனைப் பேச்சைக் காதில் வாங்க வேண்டாம்.

வாங்கினால் அதோடு வரும் அடாப்டரையே போடுங்கள். பந்தின் மேல் காசு வைத்துத் தொடாதீர்கள், பொறி பறந்து விரல் சுடும். செல்போனைத் தள்ளி வையுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டப் போக வேண்டாம்.