கட்டாய ஃபாஸ்டேக்: 2021-லிருந்து பயன்படுத்திப் பார்த்ததில்

2021 பிப்ரவரி 15 நள்ளிரவிலிருந்து தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டுகளில் ஃபாஸ்டேக், அதாவது டோல் காசைத் தானாகக் கழிக்கும் கண்ணாடி ஸ்டிக்கர், கட்டாயமானது. பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்கிற பொருளல்ல இது. ஒட்டாத வண்டிக்கு இரட்டிப்புக் கட்டணம் என்று சொல்லி வாங்க வைத்த பொருள். ஆகவே ஸ்டிக்கர் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கோளாறு வந்தால் யார் பொறுப்பேற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலான நாட்களில் நன்றாகவே வேலை செய்கிறது, சில்லறைத் தகராறு ஒழிந்தது, வரிசையும் குறைந்தது. பொறுப்பு என்று வரும்போதுதான் வயிறு எரிகிறது.

காசு எந்த வழியில் போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் புரிந்துவிடும். ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. ஒரு சிப்பும் மெல்லிய ஆன்டெனாவும்தான். லேன் கூரையில் இருக்கும் ரீடர் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையை அனுப்ப, அந்த அலையின் சக்தியிலேயே சிப் தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. அந்த எண் டோல் கணினியிலிருந்து டோலின் வங்கிக்குப் போகிறது, அங்கிருந்து இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் (என்பிசிஐ) நடத்தும் மைய அமைப்புக்கு, அங்கிருந்து உங்களுக்கு டேக் கொடுத்த வங்கிக்கு. அந்த வங்கி காசைக் கழித்து எஸ்எம்எஸ் அனுப்புகிறது. டோல் குத்தகைதாரர், அவருடைய வங்கி, என்பிசிஐ, உங்கள் வங்கி என்று நான்கு கைகள். புகார் என்று போனால் ஒவ்வொரு கையும் அடுத்த கையைக் காட்டும்.

ஒட்டுவதிலேயே பல பிரச்சினைகள் ஆரம்பிக்கின்றன. முன்கண்ணாடியின் உள்பக்கம், ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், மேல் நடுவில் ஒட்ட வேண்டும். ஒட்டும் இடத்தைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தினால் காற்றுக் குமிழ் நிற்காது. உலோகப் படலம் உள்ள சன்ஃபிலிம் மேலோ, வெப்பம் தடுக்கும் உலோகப் பூச்சுக் கண்ணாடி மேலோ ஒட்டினால் ரீடர் திணறும். அப்படிப்பட்ட கண்ணாடியில் டேக் ஒட்டவென்று பூச்சில்லாத இடம் விட்டிருப்பார்கள். காரின் கையேட்டில் இருக்கும். ஒருமுறை ஒட்டியதைப் பிய்த்து வேறு இடத்தில் ஒட்டக் கூடாது. பிய்த்தாலே ஆன்டெனா அறுந்துபோகும்படிதான் செய்திருக்கிறார்கள். கண்ணாடி உடைந்து மாற்றினால் டேக்கும் போச்சு, மாற்று டேக் வாங்கித்தான் ஆக வேண்டும். டேக்கை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு டோலில் கையால் தூக்கிக் காட்டும் பழக்கம் இனி ஆபத்து. ஒட்டாத டேக்கைக் கண்டால் பிளாக்லிஸ்ட் செய்ய, அதாவது முடக்கிவைக்க, 2025 ஜூலையில் நெடுஞ்சாலை ஆணையம் உத்தரவு போட்டது.

டேக்கில் காசு இருக்கிறது, நிலை 'ஆக்டிவ்', ஆனால் தடுப்புக்கட்டை எழவில்லை. இது அடிக்கடி நடப்பது. ஊழியர் ஹேண்ட் ரீடரோடு வந்து கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார், அதுவும் எடுக்காது, "டேக் ஒர்க் ஆகல சார், கேஷ் கட்டுங்க" என்பார். பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். இந்த இடத்தில் பெரும்பாலானோர் காசைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் 2018-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, செல்லத்தக்க டேக்கும் போதிய இருப்பும் இருந்து, டோலின் கருவி வேலை செய்யாவிட்டால், வண்டியைக் கட்டணம் இல்லாமல் விட வேண்டும். பூஜ்யம் ரூபாய் ரசீதும் கொடுக்க வேண்டும். 'ஜீரோ டிரான்சாக்‌ஷன் ரசீது' என்று கேளுங்கள். கோளாறு உங்கள் டேக்கில் இல்லை என்று காட்ட, முந்தைய டோலில் காசு கழிந்த எஸ்எம்எஸ்ஸும் வங்கி ஆப்பில் இருப்புத் தொகையும் போதுமான ஆதாரம். ஊழியர் மசியவில்லை என்றால் அங்கேயே நின்று நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைத்துப் புகார் எண் வாங்கிவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ச் செய்தால் அந்த வேகம் இருக்காது. வேறு வழியில்லாமல் கட்ட நேர்ந்தால் பணமாகக் கட்டாதீர்கள். 2025 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, செல்லத்தக்க டேக் இல்லாத வண்டி பணமாகக் கட்டினால் இரு மடங்கு, யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. 100 ரூபாய் டோலுக்கு 200 ரூபாயா, 125 ரூபாயா என்பதுதான் வித்தியாசம். யுபிஐ என்றால் நேரமும் தொகையும் அழியாத ஆதாரமாகவும் நிற்கும். ரசீதில் லேன் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இதைவிட மனதை நோகடிப்பது, வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போது எங்கோ ஒரு டோலில் காசு கழிவது. இதற்குப் பெரும்பாலும் காரணம் டேக் நகல் அல்ல. ரீடர் எடுக்காத வண்டிக்கு ஊழியர் வண்டி எண்ணைக் கையால் அடிக்கிறார். 3-க்கு 8 அடித்தாலோ, பி-க்கு டி அடித்தாலோ, அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் கணக்கில் காசு போகும். இப்படித் தவறாகக் கழித்தால் டோல் நிறுவனத்துக்கு ஒரு சம்பவத்துக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் என்று ஆணையம் வைத்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அந்தக் காசு, அலைந்து திரிந்து புகார் கொடுத்தவருக்கு வருவதில்லை. அவருக்குக் கழிந்த தொகை திரும்பினாலே பெரிது.

அப்படி நடந்தால் முதலில் எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பாமல் வங்கி ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து பாருங்கள். டேக்கை ரீடர் படித்த நேரமும் கணக்கில் காசு கழிந்த நேரமும் தனித்தனியாக இருக்கும். சில சமயம் நேற்று நிஜமாகவே கடந்த டோலின் காசு இன்று காலை கழிந்திருக்கும், புகாருக்கு இடமே இருக்காது. படித்த நேரமே பொருந்தவில்லை என்றால், பரிவர்த்தனை எண், டோல் பெயர், படித்த நேரம் மூன்றையும் வைத்து டேக் கொடுத்த வங்கியில் 'டிஸ்ப்யூட்' போடுங்கள், கூடவே 1033-லும். புகாரில் ஒரு வரி சேர்த்தால் வேகம் கூடும்: "அந்த நேரத்து லேன் கேமரா படத்தைக் காட்டவும்." உங்கள் வண்டியின் படம் அவர்களிடம் இல்லாவிட்டால் வாதாட ஒன்றுமில்லை.

'டெபிட் அட்ஜஸ்ட்மென்ட்' என்று பிறகு வரும் கழிவுகளையும் கவனியுங்கள். லேனில் அச்சு எண்ணும் கருவி உங்கள் காரைப் பெரிய வண்டி என்று கணித்துவிட்டால், கார் கட்டணம் போக மீதியைப் பிறகு கழிப்பார்கள். கார், ஜீப், வேனுக்கான டேக் நான்காம் வகுப்பு. உங்கள் டேக் எந்த வகுப்பில் பதிவாகியிருக்கிறது என்று ஆப்பில் ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது. வகுப்பு தவறாகப் பதிவான டேக்கில் ஒவ்வொரு டோலிலும் தகராறுதான்.

வங்கி 30 நாளில் பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் சரியில்லை என்றால், அடுத்து ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). கட்டணம் இல்லை, இணையத்திலேயே போடலாம், 14448-இல் விளக்கம் கேட்கலாம். பலர் இதைச் செய்யாமல் டோல்காரரோடு மட்டும் மல்லுக்கட்டுகிறார்கள். உங்களுக்கு நேரடியாகக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டது டேக் கொடுத்த வங்கி, டோல் அல்ல. அதற்கு மேலும் போக வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு மனுக் கட்டணம் கிடையாது.

சேமிப்புக் கணக்கோடு நேரடியாக இணைந்த டேக் வேண்டாம் என்பது என் கருத்து. தவறான கழிவு வந்தால் வீட்டுச் செலவுக் கணக்கிலேயே கை வைக்கும். தனி வாலட் டேக்கில் அளவாகப் போட்டு வைப்பதே பாதுகாப்பு.

இருப்பு விஷயத்தில் 2025-இல் பெரிய பீதி கிளம்பியது. பிப்ரவரி 17 முதல், டோலைக் கடப்பதற்கு முன் 60 நிமிடத்துக்கு மேலாக பிளாக்லிஸ்டில் இருந்து, கடந்து 10 நிமிடம் வரையிலும் அப்படியே இருந்தால் பரிவர்த்தனை நிராகரிக்கப்படும் என்று என்பிசிஐ சுற்றறிக்கை வந்தது. இது வங்கிகளுக்கிடையிலான தகராறுக்கான விதி, தேசிய நெடுஞ்சாலை டோல்களில் டேக் நிலை உடனுக்குடன் தெரிவதால் கடக்கும் முன் எப்போது வேண்டுமானாலும் ரீசார்ஜ் செய்யலாம் என்று ஆணையம் விளக்கம் தந்தது. பழைய முறையில் ஓடும் சில மாநிலச் சாலை டோல்களில் தகவல் போய்ச்சேரத் தாமதமாகும். ஆகவே டோல் வரிசையில் நின்றுகொண்டு ரீசார்ஜ் செய்வதைத் தவிர்த்து, கிளம்பும்போதே செய்துவிடுங்கள். மக்களைப் பாதிக்கும் ஒரு சுற்றறிக்கையை மக்களுக்குப் புரியும்படி எழுதாமல், பீதி பரவிய பிறகு விளக்கம் தருவது எந்த ஊர் நிர்வாகம்?

அடுத்தது காகிதப் படலம். 2024 தொடக்கத்தில் 'ஒரு வண்டிக்கு ஒரு டேக்' என்றார்கள். கெடு ஜனவரி 31, பிறகு பிப்ரவரி 29, பிறகு மார்ச் என்று தள்ளிக்கொண்டே போனது. அதே மார்ச் 15-க்குப் பிறகு பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கியின் டேக்குகளில் ரீசார்ஜ் செய்ய முடியாமல் போனது. வங்கி மேல் ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தது சரியாகவே இருக்கட்டும். தண்டனையின் அலைச்சலைச் சுமந்தவர் வாடிக்கையாளர்: பழைய டேக்கை மூடி, டெபாசிட் திரும்பக் காத்திருந்து, வேறு வங்கியில் புது டேக்குக்குப் புது டெபாசிட் கட்டினார். அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் 31 வரை இன்னொரு கெடு: 3 ஆண்டான டேக்குக்கு மறுபடி கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு), 5 ஆண்டானதை மாற்ற வேண்டும். அதன் பிறகு கேஒய்வி, அதாவது வண்டியைச் சரிபார்க்கும் சோதனை. ஆர்.சி. புத்தகத்தோடு வண்டியை முன்னாலும் பக்கவாட்டிலும் படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. வெயிலில் எடுத்தால் கண்ணாடிப் பிரதிபலிப்பில் டேக் தெரியாது, படம் நிராகரிக்கப்படும். நிழலில் நிறுத்தி, நம்பர் பிளேட்டும் டேக்கும் ஒரே படத்தில் தெரியும்படி, சற்றுக் குனிந்த கோணத்தில் எடுத்தால் ஏற்கும். எதிர்ப்பு கூடிய பிறகு 2025 அக்டோபரில் கார்களுக்குப் பக்கவாட்டுப் படம் வேண்டாம் என்றார்கள். 2026 பிப்ரவரி 1 முதல் புதுக் கார் டேக்குகளுக்கு இந்தச் சோதனையே கிடையாது. ஆர்.சி. விவரம் முழுக்க அரசின் வாஹன் தளத்திலேயே இருக்கும்போது, அதையே குடிமகன் படம் பிடித்து அரசுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததுதான் பெரிய அநியாயம்.

2025 ஆகஸ்ட் 15-இல் வந்த வருடாந்திர பாஸ் உண்மையிலேயே பலன் தருகிறது. அறிமுக விலை 3,000 ரூபாய், ஓராண்டு அல்லது 200 கடப்புகள், எது முந்துகிறதோ அதுவரை. கடப்புக்கு 15 ரூபாய் என்றால் யாருக்கும் கசக்காது. ஆனால் கணக்குப் போட்டு வாங்க வேண்டும். சென்னையிலிருந்து திருச்சி போக பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று ஆறு டோல். போய்வர 12 கடப்பு. 200 கடப்பில் 16 முறை போய்வரலாம், மிச்சம் எட்டு. வணிக வண்டிக்கு இந்த பாஸ் கிடையாது. சேசிஸ் எண்ணில் மட்டும் பதிவான டேக்கில் ஏறாது. முதலில் வண்டி எண்ணைப் பதிய வேண்டும். தேசிய நெடுஞ்சாலை டோல்களில் மட்டும் செல்லும். சென்னை வெளிவட்டச் சாலை போன்ற மாநிலச் சாலைகளில் வழக்கம்போல வாலட்டிலிருந்து கழியும், ஆகவே பாஸ் இருந்தாலும் இருப்பு வேண்டும்.

டோலிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களின் சொந்தக் காருக்கு மாத பாஸ் உண்டு. 2025-26-இல் 350 ரூபாய். ஆர்.சி.யும் முகவரிச் சான்றும் எடுத்துக்கொண்டு டோல் அலுவலகத்துக்கே போக வேண்டும், அந்த ஒரு டோலுக்கு மட்டும் செல்லும். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போகவர ஒன்றரை மடங்குதான், இரண்டு மடங்கு அல்ல. திரும்பும்போது கழிந்த தொகையைச் சரிபாருங்கள்.

சாலையின் தரத்துக்கும் கட்டணத்துக்கும் முடிச்சுப் போட அரசு தயங்குகிறது. வரிசை 100 மீட்டரைத் தாண்டினால் இலவசமாக விட வேண்டும் என்று 2021 மே மாதம் வந்த உத்தரவை 2024-இல் ஆணையமே திரும்பப் பெற்றது. கேரளத்தில் மக்கள் நீதிமன்றம் போனார்கள்: திருச்சூர் மாவட்டம் பாலியேக்கரை டோலில் 2025 ஆகஸ்ட் 6-இல் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தி வைத்தது, ஆகஸ்ட் 19-இல் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஒரு மணி நேரச் சாலைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆனால் எதற்கு 150 ரூபாய் கட்ட வேண்டும் என்று தலைமை நீதிபதி அமர்வு கேட்டது. பிறகு அங்கே வசூல் மறுபடி தொடங்கியது. ஆனாலும் வழி இருக்கிறது என்று தெரிந்தது.

ஒரே திசையில் 60 கிலோமீட்டருக்குள் இரண்டு டோல் இருப்பதைப் பற்றிக் கேட்டால், ஊழியரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. 2008 விதிகளின் எட்டாவது விதியே அப்படி வைக்கக் கூடாது என்கிறது; விதிவிலக்கு வேண்டுமானால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்றும் சொல்கிறது. 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) ஆணையத்திடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தக் காரணம் பதிவான உத்தரவின் நகல். 30 நாளில் பதில் தர வேண்டும். திட்டச் செலவும் இதுவரை வசூலான தொகையும் ஆணையத்தின் டோல் தகவல் தளத்தில் பல டோல்களுக்கு இருக்கின்றன; மனு எழுதும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, வண்டி விற்பவர்களுக்கு. 2026 ஜனவரியில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, டோல் பாக்கி இருந்தால் என்ஓசி (தடையில்லாச் சான்று), எஃப்சி (தகுதிச் சான்று), தேசியப் பெர்மிட் எதுவும் கிடையாது என்று வைத்துவிட்டார்கள். தவறாகக் கையால் அடித்த ஒரு எண்ணும் இனி பாக்கியாக வந்து நிற்கலாம். விற்பதற்கு ஒரு மாதம் முன்பே என்பிசிஐ தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு டேக் எந்த வங்கியில், எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பாக்கி காட்டினால் அப்போதே புகார் போட்டுப் புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். சாவி கைமாறும் அன்றே டேக்கை மூடச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். மூடாவிட்டால் வாங்கியவர் ஓட்டும் டோல் உங்கள் வாலட்டில் கழியும், வாங்கியவருக்கும் அந்த எண்ணில் புது டேக் ஏறாது. மூடியதாக வந்த எஸ்எம்எஸ்ஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விற்பனைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.