பனி மாறிச்சு: ஆங்கிலத்தில் இது எந்த 'மாறு'?

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நாலு நாள் வராமல் இருந்துவிட்டு வந்தான். "பனி மாறிச்சா டேய்?" "மாறிட்டு சார்." பள்ளிக்கு எழுதி வைத்திருந்த லீவ் லெட்டரைக் காட்டினான். அதிலும் அதே வாக்கியம்தான், ஆங்கிலத்தில்: 'மை ஃபீவர் சேஞ்ச்டு.' படிக்கிறவர், சாதாரணக் காய்ச்சல் டைபாய்டாக மாறிவிட்டது என்றுதான் நினைப்பார்.

எங்கள் ஊரில் பனி என்றால் காய்ச்சல். அது மாறினால் குணமாகிவிட்டது என்று பொருள். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்திலும் அப்படித்தான். சட்டை மாறலாம், பஸ் மாறலாம், நோய் மாறலாம். வழியை அடைத்து நிற்பவனை 'மாறி நில்லு' என்றும் சொல்லலாம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறோம். ஆங்கிலத்தில் இந்த வேலையைப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன.

முதல் சண்டை சேஞ்சுக்கும் ஆல்டருக்கும். தையல் கடைக்குப் போய்வந்த யாருக்கும் இது புரியும். சட்டையை 'சேஞ்ச்' செய்தால் அதைக் கழற்றி வேறொன்று போட்டுக்கொண்டீர்கள். 'ஆல்டர்' செய்தால் அதே சட்டைதான், இடுப்பில் பிடித்துத் தைத்திருக்கிறது. அரசியல் சட்டத்தின் 3ஆம் பிரிவும் மாநில எல்லைகளை 'ஆல்டர்' செய்வது பற்றித்தான் பேசுகிறது. எல்லை நகர்ந்தாலும் மாநிலம் அதே மாநிலம். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் விளவங்கோடு உட்பட, கன்னியாகுமரி மாவட்டமான நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. அப்போது தேசத்து வரைபடத்தையே பிரித்து அடுக்கினார்கள். அதற்கான சட்டத்தின் பெயரில் இருப்பது 'ரீஆர்கனைசேஷன்'. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திராவிலிருந்து வந்ததோ ஓரத்தில் பிடித்துத் தைத்த வேலை. அதற்கான 1959ஆம் வருடச் சட்டத்தின் பெயரில் 'ஆல்டரேஷன்' வந்துவிட்டது. ஆனால் 1969 ஜனவரி 14 முதல் மெட்ராஸ் என்ற பெயர் முழுசாகப் போய்த் தமிழ்நாடு வந்ததே, அதையும் சட்டம் 'ஆல்டரேஷன்' என்றுதான் சொல்கிறது. என் தையல் கடை விதி அங்கே கொஞ்சம் கிழிகிறது. பெயர் போனாலும் ஆள் அதே ஆள்தானே என்று சமாளித்துக்கொள்கிறேன்.

மாடிஃபை, ஆல்டரின் தம்பி. ஒரு தேவைக்காகக் கொஞ்சம் திருத்துவது. மார்த்தாண்டத்துப் பையன்கள் சைலன்சரைக் கழற்றிவிட்டு 'மாடிஃபை பண்ணின வண்டி' என்பார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதையே 'ஆல்டரேஷன்' என்கிறது. இரண்டில் எதை எழுதினாலும் நான் மார்க் குறைக்க மாட்டேன்.

வேரி மட்டும் தனி ஜாதி. ஏத்தன்பழ (நேந்திரம்பழ) விலை 'சேஞ்ச்' ஆனது என்றால் நேற்று ஒன்று, இன்று ஒன்று. விலை 'வேரி' ஆகிறது என்றால் இன்றைக்கே இங்கே ஒன்று, எல்லை தாண்டிப் பாறசாலையில் ஒன்று. காலத்துக்குக் காலமா, இடத்துக்கு இடமா என்று பார்த்தால் போதும், பெரும்பாலும் தப்பு வராது.

கன்வர்ட்டுக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. வயலில் நெல்லை விட்டுத் தென்னை வைப்பதைக் கேரளத்தின் 2008ஆம் வருட நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் 'கன்வர்ஷன்' என்கிறது. ஒரு பயனிலிருந்து இன்னொரு பயனுக்குப் போவது கன்வர்ட். செங்கோட்டை–புனலூர் ரயில் பாதை மீட்டர் கேஜிலிருந்து பிராட் கேஜுக்குப் போனதும் கன்வர்ஷன்தான். டிரான்ஸ்ஃபார்ம் என்றால் பார்த்தவன் அடையாளம் தெரியாமல் நிற்க வேண்டும். விளம்பரக்காரர்கள் ஷாம்பு பாட்டிலுக்கெல்லாம் அதைப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். கட்டுரையில் ஒருமுறைக்கு மேல் எழுதாதே என்பேன்.

ஆனால் நம் பிள்ளைகள் விழுவது இந்தப் பெரிய சொற்களில் இல்லை. கோ, கெட், டர்ன் என்ற பொடிசுகளில்தான். இங்கே தமிழே கை கொடுக்கும் என்பது பலருக்குத் தெரியவில்லை. பால் கெட்டுப் போச்சு, காது செவிடாப் போச்சு, ரப்பர் ஷீட் பூசணம் பிடிச்சுப் போச்சு. கெடுகிற இடத்தில் நாம் 'போ' சேர்க்கிறோம். ஆங்கிலமும் 'கோ' சேர்க்கிறது: கோ பேட், கோ டெஃப், கோ மோல்டி. தேறுகிற இடத்தில் நமக்கு 'வா': உடம்பு சரியாகி வருகிறது. அவர்களும் 'கம் ரைட்' என்பார்கள், கனவு பலித்தால் 'கம் ட்ரூ'. இரண்டு மொழிக்கும் சொந்தம் கிடையாது, ஆனாலும் கெட்டதை அனுப்பிவிட்டு நல்லதை வரவேற்கும் குணம் ஒன்றாக இருக்கிறது. விதிவிலக்கு உண்டு, 'கோ வைரல்' ஆனவன் அழுவதில்லை.

டர்ன், நிறத்துக்கும் வயசுக்கும் பொருந்தும்: இலை மஞ்சளாவது, ஐம்பது வயது திரும்புவது. கெட், தினசரிப் பேச்சுக்கு: நனைவது, களைப்பது, கோபப்படுவது. குரோ மெதுவாக நிகழும் மாற்றத்துக்கு. பிகம் கொஞ்சம் சட்டை இன் பண்ணிய சொல். டீச்சர் ஆவது, எம்எல்ஏ ஆவது போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பஸ்ஸை மறந்துவிட்டேன். நேர் பஸ் கிடைக்காமல் களியக்காவிளையில் மாறினால் 'ஐ சேஞ்ச்டு பஸஸ்', பன்மை. இறங்கியது ஒன்று, ஏறியது ஒன்று, ஆக இரண்டு. 'ஐ சேஞ்ச்டு தி பஸ்' என்றால் பஸ்ஸையே ஏதோ செய்துவிட்ட மாதிரியும் கேட்கும்.

சரி, அந்தப் பையன். 'மை ஃபீவர் இஸ் கான்' என்று திருத்திக் கொடுத்தேன். காய்ச்சல் போச்சு, அதே 'கோ'தான். சந்தோஷமாக எழுதிக்கொண்டான். அடுத்த வாரம் வாசலை அடைத்து நின்ற தம்பியைப் பார்த்து, நான் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னான்: "சேஞ்ச் அண்ட் ஸ்டாண்ட்!"