மூன்று வயதில் எங்கே சேர்ப்பது: பால்வாடியா, எல்கேஜியா, மாண்டிசோரியா?

குழந்தைக்கு மூன்று வயது நிறைந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியை ஆரம்பித்துவிடுவார்கள்: "எந்த ஸ்கூல்ல போடப் போறீங்க?" ஸ்கூல் என்றால் அவர்கள் மனதில் இருப்பது டை கட்டின எல்கேஜி. தெருமுனையில் இருக்கும் பால்வாடி அந்தப் பேச்சிலேயே வராது. கொஞ்சம் வசதியான வீடு என்றால், பொருள்களைக் கையாண்டு குழந்தை தானே கற்கும் மாண்டிசோரி முறையின் பெயரும் அடிபடும். தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு நடைமுறையில் இந்த மூன்றும்தான் வழி.

என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றரை வயதுக் கையில் பென்சிலைக் கொடுத்து நாலு கோடு நோட்டில் எழுதச் சொல்லும் இடம் எதுவானாலும் அது என்னிடம் பாஸ் ஆகாது. காரணம் இருக்கிறது. மூன்று வயதில் குழந்தைக்கு வட்டத்தைப் பார்த்து வரைய வரும். கூட்டல் குறி நான்கு வயதை ஒட்டி வரும். சதுரம் அதற்கும் பிறகு. முக்கோணத்துக்கு ஐந்து வயது ஆக வேண்டும், ஏனென்றால் சாய்கோடுதான் கைக்குக் கடைசியாகப் பிடிபடுவது. இப்போது எல்கேஜியின் முதல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில 'ஏ'வில் இரண்டு சாய்கோடுகள். தமிழில் 'அ' என்றால் சுழி, வளைவு, பிறகு ஒரு நேர்கோடு. குழந்தைக்கு எது கடைசியில் வருமோ அதை முதல் வாரத்திலேயே கேட்கிறோம். ட, ப என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கினாலாவது பரவாயில்லை. அகரவரிசைப்படி போனால்தான் படிப்பு என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் மாண்டிசோரி மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அங்கே எழுத்து முதலில் விரலுக்குத்தான் போகிறது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லும். பென்சில் பிடிக்கத் தேவையான மூன்று விரல் பிடிமானம், குமிழ் வைத்த மர உருளைகளை எடுத்து எடுத்துப் பொருத்துவதிலேயே பழகிவிடும். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்ததும் இதே வழிதான். விஜயதசமிக்கு மட்டும் அரிசியில் எழுதவைத்துப் போட்டோ எடுத்துவிட்டு, மறுநாளே பென்சிலுக்குத் தாவுகிறோம்.

இந்த முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி தன் முதல் பள்ளியை 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிக்க ஆளில்லாத பிள்ளைகள்தான் அங்கே சேர்ந்தவர்கள். 1939-இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டு, இத்தாலியும் அதில் இறங்கியதால் திரும்பிப் போக முடியாமல் அடையாறிலும் கொடைக்கானலிலும் இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஏழைப் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை, அதுவும் நம் ஊரிலேயே வளர்ந்த முறை, இன்று அதிகம் கட்டணம் கட்டக்கூடியவர்களுக்கு மட்டும் எட்டுவது ஒரு வேடிக்கை.

இன்னொரு சிக்கல் பெயர்ப் பலகை. மாண்டிசோரி என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். உள்ளே போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் சறுக்குமரமும் ஏபிசி சார்ட்டும்தான் இருக்கும். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மூன்று முதல் ஆறு வயது வரை பிள்ளைகள் ஒரே அறையில் கலந்து இருக்கிறார்களா? ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் வரை போகும் பத்து இளஞ்சிவப்புக் கட்டைகள் இருக்கின்றனவா? அவை குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, இல்லை கண்ணாடி அலமாரியில் பூட்டப்பட்டிருக்கின்றனவா? கடைசிக் கேள்வி முக்கியம். விலை உயர்ந்த பொருள் உடைந்துவிடும் என்று பூட்டி வைக்கிற இடங்களும் உண்டு.

சரி, பால்வாடிக்கு வருவோம். அரசாங்கப் பெயர் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமாக நாட்டில் 33 இடங்களில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்ட மையங்கள். சாப்பாட்டில் இதற்குப் போட்டியே கிடையாது. சத்துமாவு, மதியம் சூடான கலவை சாதம், வாரத்துக்கு மூன்று முட்டை, மாதாமாதம் எடையும் உயரமும். தனியார் எல்கேஜியில் டப்பாவில் கொடுத்தனுப்பும் பிஸ்கட்டும் நூடுல்ஸும் பாதி தின்றும் தின்னாமலும் திரும்பி வருவதைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் புரியும். பக்கத்துப் பிள்ளை தின்றால் நம் பிள்ளையும் தின்னும்.

பாடத்தைப் பொறுத்தவரை, ஏட்டளவில் பால்வாடி மோசமில்லை. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டத்தில் பாட்டு, கதை, வண்ணம், உருவம் என்று விளையாட்டு வழியாகவே எல்லாம் வருகிறது. எழுத்து வேலைக்கு அவசரமில்லை. வயதுக்குப் பொருந்திய திட்டம். நடப்பது வேறு. ஒரே டீச்சரம்மாதான் கர்ப்பிணிகளுக்கும் கணக்கெடுக்க வேண்டும், தடுப்பூசி முகாமுக்கு ஆள் திரட்ட வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், செல்போன் செயலியிலும் அதையே ஏற்ற வேண்டும். ஆயாம்மா சமையலில் இருப்பார். பிள்ளைகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.

இதில் டீச்சரம்மாவைக் குறை சொல்வது அநியாயம் என்பதற்கு ஆதாரமே இருக்கிறது. பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் அவரோடு இன்னும் இரண்டு ஆய்வாளர்களும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் அரை நாள் வேலைக்கு ஒரு கூடுதல் ஆள் கொடுக்கப்பட்டார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்று. சொல்லிக்கொடுக்கும் நேரம் இரண்டு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். அதோடு, வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. பழைய டீச்சரம்மாவுக்கு ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்ததுதான் காரணம். கட்டடமும் சாப்பாடும் பாடத்திட்டமும் ஏற்கெனவே இருந்தவைதான். இல்லாமல் இருந்தது ஒரு ஆள்தான். ஆகவே உங்கள் தெருப் பால்வாடி நல்லதா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பயனில்லை. காலை பதினொரு மணிக்கு நேரில் போய், பிள்ளைகளோடு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

தனியார் எல்கேஜி எதில் ஜெயிக்கிறது? நேரத்தில், வேனில், அப்புறம் சீட்டில். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில், வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும் வேன் சாதாரண விஷயமில்லை. மாண்டிசோரிகள் பலவும் மதியத்தோடு முடிந்துவிடும். கொஞ்சம் பெயருள்ள பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புக்கு வெளியிலிருந்து இடம் கிடைப்பதே அபூர்வம், எல்லாம் எல்கேஜியிலேயே நிரம்பிவிடும். கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இடஒதுக்கீடும் பள்ளியின் நுழைவு வகுப்பில்தான். எல்கேஜி உள்ள பள்ளியில் அந்தக் கதவு எல்கேஜியில் திறக்கிறது. பால்வாடியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு ஒன்றாம் வகுப்புக்குப் போய்க் கேட்கலாம் என்றிருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு இது பெரிய இழப்பு. 2019 முதல் அரசு நடுநிலைப் பள்ளிகளோடு இருக்கும் 2,381 அங்கன்வாடிகளிலும் எல்கேஜி, யுகேஜி நடக்கிறது. அப்படி ஒன்று பக்கத்தில் இருந்தால் அதையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள்.

ஆனால் படிப்புக்காக எல்கேஜி என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆங்கிலம் வரும் என்ற நம்பிக்கையில் சேர்க்கிறோம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் அந்த டீச்சரால் என்ன ஆங்கிலம் பேச முடியும்? சிட் டவுன், கீப் கொயட், ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ். வீட்டில் "ஏன் நிலா நம்ம கூடவே வருது?" என்று நீட்டி முழக்கிக் கேட்கிற குழந்தை, அங்கே எந்த மொழியிலும் பேசாமல் ஐந்து மணி நேரம் இருந்துவிட்டு வருகிறது. பால்வாடியில் குறைந்தபட்சம் தமிழில் சண்டையாவது போடலாம். மூன்று வயதில் பேச்சு வளர்வது சண்டையிலும்தான்.

வீட்டுப்பாடம் இன்னொரு தொல்லை. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும், மூன்று மணி நேரமாவது ஓடியாடுவதும் வேண்டும், திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. வேனில் போய்வந்து, அழுதுகொண்டே இரண்டு பக்கம் எழுதி, சமாதானத்துக்குச் செல்போனும் பார்த்தால் ஓடுவதற்கு நேரம் ஏது? அந்த நேரத்தில் சின்ன வெங்காயம் உரிக்கட்டும், தன் சட்டைப் பட்டனைத் தானே போடட்டும், பாட்டியோடு பல்லாங்குழி ஆடி முத்துகளை எண்ணட்டும். விரலுக்கும் கணக்குக்கும் நாலு கோடு நோட்டைவிட இவை மேல்.

என் வரிசையைக் கேட்டால்: ஆள் இருந்து பேசுகிற பால்வாடி முதலில். நிஜமான மாண்டிசோரி பக்கத்திலேயே இருந்து, கட்டணமும் கட்டுப்படியானால் அது முதலிடத்துக்கு வரலாம். ஆனால் அதற்காக மூன்று வயதுக் குழந்தையைத் தினமும் ஒரு மணி நேரம் வண்டியில் அலைய விட மாட்டேன். எல்கேஜி கடைசி. வேலை நேரத்துக்காகவோ சீட்டுக்காகவோ எல்கேஜிதான் என்றால் சேர்த்துவிடுங்கள், குற்ற உணர்ச்சி தேவையில்லை. சேர்க்கும் அன்றே மிஸ்ஸிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: "எங்க பிள்ளை வீட்டுல எழுதாது மிஸ். நோட்டு காலியா வந்தா திட்டாதீங்க." நாங்கள் கேட்ட இடத்தில் முகம் சுளித்தார்கள், ஆனால் ஒப்புக்கொண்டார்கள்.