பாறை உச்சியில் ஒரு தூண்டில் கம்பு: ஆறு வருட அனுபவம்

ஹாம் ரேடியோவை, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் ரேடியோவை, தூக்கிக்கொண்டு மலையேறுகிறவர்கள் எந்த ரேடியோ வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். ஏரியலை உயர்த்திப் பிடிக்க எந்தக் கம்பு வாங்கலாம் என்று கேட்பவர்கள் குறைவு. நம் பக்கத்து மலைகளுக்கு முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

நான் ஆறு வருடமாக வைத்திருப்பது ஃபைபர் கிளாஸ் தூண்டில் கம்பு. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள். முழுதாக இழுத்தால் 7 மீட்டர், மடித்தால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. பையின் பக்கவாட்டில் செருகிக்கொண்டு டவுன் பஸ்ஸில்கூடப் போகலாம். இதுவரை நாற்பது தடவைக்கு மேல் கிருஷ்ணகிரி, தருமபுரி மலைகளில் இதை நிறுத்தி ஏரியல் கட்டியிருக்கிறேன்.

மரம் இருக்கிற மலை என்றால் கிளையில் கயிறு வீசிக் கம்பியை ஏற்றிவிடலாம். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையும் ராயக்கோட்டை துர்க்கமும் மொட்டைக் கருங்கல். உச்சியில் ஏரியல் கட்டத் தோதான மரம் இல்லை, ஆப்பு அடிக்க மண் இல்லை, காற்றுக்கு மட்டும் குறைவே இல்லை. தரையை நம்பி வேலை செய்யும் செங்குத்து ஏரியலும் இங்கே சரிப்படாது, காய்ந்த பாறை மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால் அரை அலை நீளக் கம்பியை நடுவில் உயர்த்தி இரண்டு பக்கமும் சரித்துக் கட்டுவதுதான் எனக்கு ஒத்துவந்தது. 40 மீட்டர் அலைவரிசைக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) மொத்தம் 20 மீட்டர் கம்பி, 20 மீட்டர் அலைவரிசைக்கு 10 மீட்டர் கம்பி. அந்த நடுப்புள்ளியைத் தாங்கத்தான் கம்பு.

முதலில் நான் கொண்டுபோனது எங்கள் தோப்பில் மாங்காய் பறிக்கும் தொரட்டிக் கோல். நல்ல மூங்கில், உறுதியானது. ஆனால் கோட்டைப் படிகளில் திரும்புகிற இடங்களில் அது திரும்பவில்லை, பஸ்ஸிலும் ஏற்றவில்லை. ஒரே தடவையோடு விட்டேன்.

கம்பை நிறுத்தும் முறையைக் கற்றுத் தந்தவர் ராயக்கோட்டை மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர். நான் கயிற்றைப் பாறை முனையில் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துவிட்டு, "கல்லு முனையில சுத்தாத தம்பி, காத்துல அறுத்துடும். நீளமான கல்லா பாத்து நடுவுல கட்டு, அதுமேல நாலு கல்ல வை" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான். மூன்று நைலான் கயிறு, மூன்று கல் குவியல். கம்பின் அடியைப் பாறை வெடிப்பில் இறக்கி, பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி ஒரு பக்கத்துக் கல்லோடு சுற்றிவிடுவேன். பத்து நிமிட வேலை. கிளம்பும்போது கற்களைப் பழையபடி போட்டுவிடுவேன். கோட்டைச் சுவரிலிருந்து பெயர்ந்த கற்களை மட்டும் தொடுவதில்லை, அவை தொல்லியல் சின்னத்தைச் சேர்ந்தவை.

குறைகளையும் சொல்ல வேண்டும். மேல் துண்டு இரண்டும் விரலைவிட மெல்லியவை. ரேடியோவிலிருந்து ஏரியலுக்குப் போகும் கேபிளின் கனத்தை அவை தாங்காது, வில்லாக வளைந்துவிடும். இரண்டாவது வருடத்திலேயே அவற்றைக் கழற்றி வைத்துவிட்டேன். ஆக 7 மீட்டர் என்று வாங்கியது எனக்கு 6 மீட்டர்தான். மெல்லிய ஆர்ஜி-174 கேபிளுக்கு மாறியதும் கம்பு நிமிர்ந்து நின்றது. அந்த கேபிளில் சிக்னல் இழப்பு அதிகம் என்பார்கள். ஏழு மீட்டர் நீளத்துக்கு, 7 மெகாஹெர்ட்சில், அது ஒரு டெசிபலுக்கும் கீழேதான், காதுக்கே தெரியாத அளவு.

அடுத்த தொல்லை மணல். மூட்டுக்குள் ஒரு பொடி மாட்டினாலும் கம்பு மடங்காது. ஒருமுறை மடக்க முடியாமல் நீட்டியபடியே பாதி மலை இறங்கினேன். இப்போது ஒவ்வொரு துண்டையும் துடைத்துவிட்டுத்தான் உள்ளே தள்ளுகிறேன். நான்காவது வருடம் வெயிலில் மேல்பூச்சு போய், கையில் கண்ணாடி நார் குத்த ஆரம்பித்தது. வார்னிஷ் இரண்டு கை அடித்த பிறகு சரியாயிற்று. இன்னொரு விஷயம், கார்பன் கம்பு வாங்கிவிடாதீர்கள். எடை குறைவுதான், ஆனால் கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், பக்கத்தில் இருக்கும் ஏரியல் கம்பியின் ட்யூனிங்கைக் கெடுக்கும்.

என் ரேடியோ எஃப்டி-817 மாடல், அனுப்பும் சக்தி 5 வாட். அப்புறம் பேட்டரி. ஆரம்பத்தில் யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரியைச் சுமந்தேன், இரண்டு கிலோவுக்கு மேல். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறியபோது முக்கால் கிலோவுக்கு வந்தது. மே மாத வெயிலில் அந்த வித்தியாசம் முழங்காலுக்குத் தெரியும். 5 வாட் போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 5 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் 10 டெசிபல், கேட்பவரின் ரேடியோவில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் இரண்டு புள்ளிகூட இல்லை. அதற்காக இன்னும் பெரிய பேட்டரியைச் சுமக்க நான் தயாரில்லை. காலையில் 40 மீட்டரில் சென்னையும் கொச்சியும் தெளிவாகக் கிடைக்கின்றன.

நேர்கோட்டில் போகும் 2 மீட்டர் அலைவரிசைக்குக் கம்புகூட வேண்டாம், உயரமே போதும். சமவெளியைவிட 200 மீட்டர் மேலே நின்றால் ரேடியோவின் அடிவானம் கணக்குப்படி 58 கிலோமீட்டர். எதிர்ப்பக்கமும் மேட்டில் இருந்தால் இன்னும் கூடும். கிருஷ்ணகிரி மலையிலிருந்து ஓசூர் நண்பர் நடுவில் வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் நிலையம் இல்லாமல் நேராகவே பேசுகிறார். எதிரி வருவதைப் பார்க்கத்தான் அந்தக் காலத்தில் இந்த மலைகளில் கோட்டை கட்டினார்கள். 1791-ல், மூன்றாம் மைசூர்ப் போரில், ஆங்கிலேயர் ராயக்கோட்டையைப் பிடித்ததும் இந்தக் கணவாய்ப் பாதைகளுக்காகத்தான். நான்கு பக்கமும் பார்வை படுகிற இடம் ரேடியோவுக்கும் நல்ல இடம்.

2002 மார்ச் 2-ல் பிரிட்டனில் தொடங்கிய சோட்டா (SOTA) என்ற, மலையுச்சியிலிருந்து ஹாம் ரேடியோ பேசும் திட்டத்தின் விதிகளை நான் எனக்கே வைத்துக்கொண்டிருக்கிறேன். கடைசி ஏற்றம் நடையாக இருக்க வேண்டும், உச்சியிலிருந்து 25 மீட்டர் உயர வித்தியாசத்துக்குள் இருந்து பேச வேண்டும், வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கக் கூடாது, நான்கு நிலையங்களோடாவது தொடர்பு கிடைக்க வேண்டும். வத்தல்மலைக்கு மேலே வரை ரோடு இருந்தாலும் வண்டியை ஊரில் விட்டுவிட்டுத்தான் மேட்டுக்கு நடக்கிறேன். ராயக்கோட்டைக்கு தருமபுரி–ஓசூர் பாதையில் ரயிலிலேயே போகலாம். தீர்த்தமலையில் கோயில் வரை படி, அதற்கு மேல் காடு. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் காலெடுத்து வைக்காதீர்கள். ராகி அறுவடைக் காலத்தில் ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக் கூட்டம் வரும். ஊர்க்காரர் "இன்னைக்கு வேணாம்" என்றால் நான் வாதாடுவதில்லை, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

பாறை முகடுகளில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும். கம்பை நீட்டுவதற்கு முன்னால் சுற்றிப் பார்த்துவிடுங்கள். கூடு கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே வேண்டாம். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் இடி கட்டும். மொட்டைப் பாறையில் நீட்டிய கம்பும் கம்பியுமாக இருப்பது உயிருக்கு ஆபத்து. மேற்கே கருத்தாலே இறக்கிவிடுகிறேன், பேச்சு பாதியில் நின்றாலும் சரி. ஒருமுறை இடிச்சத்தம் கேட்ட பிறகும் இன்னும் ஒரே ஒரு தொடர்பு என்று உட்கார்ந்திருந்தேன். கேபிளைத் தொட்டபோது விரலில் சுரீரென்று அடித்தது. அதை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

உரிமத்தின் நகலைப் பையிலேயே வைத்திருங்கள். மலைமேல் கம்பி கட்டி மைக்கில் பேசுகிறவனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். இரண்டு தடவை போலீஸ்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். காகிதத்தைக் காட்டி, ஹெட்போனை அவர்கள் காதில் வைத்து, கொச்சிக்காரர் பேசுவதைக் கேட்க வைத்தேன். அதில் ஒருவர் தன் மகனுக்காக இந்த உரிமத்துக்கான தேர்வை எப்படி எழுதுவது என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

போன மாசி மாதம் நடுத்துண்டில் ஒரு விரிசல் கண்டேன். மெல்லிய துணியைச் சுற்றி எபாக்சி போட்டுப் பூசியிருக்கிறேன், அதற்கப்புறம் மூன்று மலை பார்த்துவிட்டது. அடுத்தது வாங்கினால் 10 மீட்டர் கம்பு, ஆனால் அதிலும் மேல் துண்டுகளைக் கழற்றிவிட்டுத்தான் மலைக்குக் கொண்டுபோவேன்.