பழைய எஸ்யூவிக்குப் பூச்சுள்ள பிரேக் டிஸ்க்குகள்: பொருத்திப் பார்த்த பின் ஒரு மதிப்புரை

நல்ல வேகத்தில் செல்லும் வண்டியின் பிரேக்கை மெல்ல மிதிக்கும்போது ஸ்டீயரிங் கிடுகிடுவென நடுங்கினால், முன்சக்கர டிஸ்க்குகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். என் பழைய எஸ்யூவியில் இந்த நடுக்கம் பெடல் வரை இறங்கிவிட்ட நிலையில், துத்தநாகப் பூச்சுள்ள இரண்டு முன் டிஸ்க்குகளும் அவற்றை அழுத்திப் பிடிக்கும் செராமிக் பேடுகளும் ஒரே பெட்டியில் வரும் தொகுப்பு ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். மழையிலும் மலைப்பாதையிலும் ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

பழைய டிஸ்க்குகளை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கினால் போதாதா என்று பலரும் கேட்பார்கள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். என்னுடையவை ஏற்கெனவே அந்த அளவை நெருங்கிவிட்டன. கடைந்து மெலிந்த டிஸ்க்கில் வெப்பத்தை வாங்கிக்கொள்ள இரும்பு குறைவு என்பதால் அது விரைவில் சூடேறும், அதிலும் எஸ்யூவி போன்ற கனமான வண்டியில் இது சிறிய விஷயமல்ல. வேகம் இரு மடங்கானால் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது.

டிஸ்க்குகளின் வேலைப்பாடு எனக்கு நிறைவாகவே இருந்தது. உராயும் முகம் சீராகக் கடையப்பட்டிருந்தது. காற்றோட்டத்துக்கான உள் இடைவெளிகளில் வார்ப்புப் பிசிறு எதுவும் இல்லை. பேட் உராயும் இடத்தில் உள்ள பூச்சு முதல் சில பிரேக்குகளிலேயே தேய்ந்து போய்விடும், அது குறையல்ல. நடுப்பகுதியிலும் வெளி விளிம்பிலும் உள் இடைவெளிகளிலும் அது நிலைத்து நின்று துருவைத் தடுப்பதுதான் இதன் பயன். கழற்றிய பழைய டிஸ்க்குகளின் விளிம்பு துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். துளையிட்ட டிஸ்க்குகளைத் தவிர்த்து துளையில்லாதவற்றையே தேர்ந்தெடுத்தேன், ஏனெனில் கடும் வெப்பத்தில் விரிசல் தொடங்கும் இடம் பெரும்பாலும் அந்தத் துளைகள்தான்.

இந்தத் தொகுப்பின் பெருங்குறை அதனுடன் வரும் குறிப்புத்தாள். டிஸ்க் அமரும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. முதல்முறை டிஸ்க்கை மாட்டி, வீல் நட்டுகளை இறுக்கி, நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை வைத்துச் சுழற்றியபோது முள் 0.09 மி.மீ. வரை ஆடியது. பல வண்டிகளுக்கு 0.05 மி.மீ. அளவுதான் எல்லை. கழற்றிப் பார்த்தால், ஹப்பில் வீல் நட்டு மாட்டும் ஸ்டட் ஒன்றின் அடியைச் சுற்றி வளையம் போலத் துரு கட்டியிருந்தது. வயர் பிரஷ்ஷால் இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்து மீண்டும் மாட்டியதும் ஆட்டம் 0.03 மி.மீ. ஆகக் குறைந்தது. டிஸ்க் அதே டிஸ்க்தான்.

இந்தச் சிறிய ஆட்டத்தை அலட்சியம் செய்தால் உடனே எதுவும் தெரியாது. பிரேக்கை மிதிக்காதபோதும் டிஸ்க்கின் மேடான பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிச் செல்லும். சில ஆயிரம் கிலோமீட்டர்களில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலியும், அல்லது பேடின் பொருள் அங்கே திட்டாகப் படியும். டிஸ்க் கோணலாகிவிட்டது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தத் தடிமன் வேறுபாட்டைத்தான், 0.02 மி.மீ. வேறுபாடுகூடப் பெடலில் தெரியக்கூடும். ஆகவே, சில மாதங்களில் நடுக்கம் திரும்பிவிட்டது என்று இத்தகைய டிஸ்க்குகளுக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுப்பவர்களில் பலர், பொருத்தியவரின் கைப்பிழையை டிஸ்க்கின் தலையில் கட்டுகிறார்கள் என்றே நினைக்கிறேன். வீல் நட்டுகளை இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கண்டபடி இறுக்குவதும் இதே தொல்லையைத் தரும்.

பேடுகள் பரவாயில்லை. சக்கரத்தில் கரித்தூள் படிவது கண்கூடாகக் குறைந்துள்ளது, கிரீச்சென்ற சத்தமும் இல்லை. காலையில் எடுத்தவுடன் முதல் சில பிரேக்குகளில் பிடிப்பு சற்று மந்தமாக இருக்கிறது, சூடேறியதும் சரியாகிவிடுகிறது. புதிய பேடையும் டிஸ்க்கையும் ஒன்றோடொன்று பழகவிடும் முறையையும் தாளில் சொல்லியிருக்கலாம்: மிதமான வேகத்திலிருந்து முழுவதும் நிறுத்தாமல் பலமுறை வேகத்தைக் குறைத்து, இடையிடையே ஆறவிட வேண்டும், சூடான நிலையில் பெடலை மிதித்தபடியே நிற்கக் கூடாது. நீண்ட மலை இறக்கத்திலும் பெடல் நடுங்கவில்லை.

வண்டியை நீண்ட காலம் வைத்திருக்கப் போகிறவர்களுக்கு இந்தத் தொகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் ஹப் பேரிங்கில் ஆட்டம் இருந்தாலோ, பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பரின் வழிகாட்டிப் பின்கள் இறுகிப் போயிருந்தாலோ, அவற்றை முதலில் சரிசெய்த பிறகே இதற்குப் பணம் செலவிடுங்கள்.